மலைப் புல்வெளித் தீயும் மீத்தேனும்: ஆண்டுவாரியாகக் கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

பிப்ரவரி பிறந்தால் போதும், நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கமோ பழனி மலையில் மன்னவனூர்ப் பக்கமோ ஏதாவது ஒரு சரிவு கறுத்துப் போய்க் கிடக்கும். "பல ஏக்கர் புல்வெளி எரிந்து நாசம்" என்று செய்தியில் ஒரு வரி வரும், அதோடு சரி. எத்தனை ஏக்கர், என்ன புல், எவ்வளவு காய்ந்திருந்தது, அந்தப் புகையோடு என்னென்ன போனது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பத்து வருடம் கழித்து "முன்னைவிடத் தீ கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?" என்று யாராவது கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறோம்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீலகிரியிலோ பழனி மலையிலோ இருக்கிற கல்லூரி மாணவர், ஆசிரியர், சூழல் குழுவில் வேலை செய்பவர், யாராக இருந்தாலும் ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தன் பகுதிப் புல்வெளித் தீயிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மீத்தேன் போகிறது என்று கணக்குப் போடலாம். நாட்டு அளவில் வெளியாகிற எண்ணை எப்படிப் படிப்பது என்பதும் இதில் வரும். முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்: புல்வெளித் தீ மீத்தேனின் வரைபடக் கோடு ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் அது நல்ல செய்தி என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிவதற்குப் புல்வெளியே இல்லாமல் போயிருக்கலாம். நம் மலைகளில் நடந்துகொண்டிருப்பது அதுதான்.

ஏன் கரியமில வாயுவை விட்டுவிட்டு மீத்தேனைப் பிடிக்கிறோம்?

ஒரு கிலோ காய்ந்த புல் எரிந்தால் சுமார் 1,613 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 65 கிராம் கார்பன் மோனாக்சைடு, 2.3 கிராம் மீத்தேன், 0.21 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு போகிறது என்பது ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசி தரும் பொது மதிப்பு. கார்பன் டை ஆக்சைடுதான் மலை மாதிரி இருக்கிறது, மீத்தேன் துளியூண்டு. ஆனாலும் புல்வெளித் தீக்குக் கணக்குப் போடும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்ப்பதில்லை. அடுத்த மழைக்கு அதே சரிவில் புல் வளர்ந்து, போன கார்பனை ஏறக்குறைய முழுவதும் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பது விதி. மீத்தேனைப் புல் திரும்ப இழுக்காது. காற்றில் சுமார் 12 ஆண்டு நின்று, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 700 பங்குக்குச் சற்றுமேல் இருந்த மீத்தேன் இன்றைக்கு 1,900-ஐத் தாண்டிவிட்டது.

உலக மீத்தேனில் புல்வெளித் தீயின் பங்கு சிறியதுதான். சதுப்பு நிலம், ஆடுமாடு, நெல் வயல், எண்ணெய்–எரிவாயுக் கசிவு, நிலக்கரி, குப்பைமேடு எல்லாம் இதைவிடப் பெரியவை. அப்படியிருந்தும் இதைக் கணக்கெடுக்கச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது: மீத்தேனைக் கணக்கிட வேண்டுமென்றால் எரிந்த பரப்பு, புல்லின் எடை, எரிந்த மாதம் என்று எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். அந்தப் பதிவுதான் நம் கையில் இல்லாதது.

சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்

ஐபிசிசி 2006 வழிகாட்டி நெறிகள், தொகுதி 4, அத்தியாயம் 2, சமன்பாடு 2.27. தமிழில் எழுதினால்:

மீத்தேன் (டன்) = எரிந்த பரப்பு (ஹெக்டேர்) × ஒரு ஹெக்டேரில் இருந்த உலர் புல் (டன்) × அதில் உண்மையில் எரிந்த பங்கு × உமிழ்வுக் காரணி (கிலோவுக்கு எத்தனை கிராம்) ÷ 1000

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் அட்டவணை 2.4 தரும் மதிப்புகள் "இருந்த புல்" அல்ல, "எரிந்து தீர்ந்த புல்". அதாவது எடையும் எரிந்த பங்கும் ஏற்கெனவே பெருக்கி வைக்கப்பட்டவை. அதை எடுத்துக்கொண்டு அட்டவணை 2.6-இல் உள்ள எரியும் பங்கையும் திரும்பப் பெருக்கினால் விடை காரணமில்லாமல் குறைந்துவிடும். நீங்களே புல் வெட்டி எடை போட்டால் 2.6 தேவை. 2.4-ஐ அப்படியே எடுத்தால் 2.6 பக்கமே போகக் கூடாது.

படி 1: நாட்டு எண்ணைப் பார்த்துவிடுங்கள்

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரத் தளமான ஃபாவோஸ்டாட்டில் தீ உமிழ்வுப் பகுதிக்குப் போய், இந்தியா, சவன்னா (மரங்கள் அங்கங்கே நிற்கும் புல்நிலம்) தீ, மீத்தேன் என்று தேர்ந்தெடுத்தால் 1990 தொடங்கி ஆண்டுவாரியாக எண் கிடைக்கும், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அலகு கிலோடன். மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். "சவன்னா" என்ற தலைப்புக்குள் சவன்னா, மரமடர்ந்த சவன்னா, இருவகைப் புதர்க்காடு, புல்வெளி என ஐந்தும் அடங்கும், ஆகையால் புல்வெளியை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். செயற்கைக்கோள் எரிபரப்பு கிடைக்காத தொடக்க ஆண்டுகளுக்குப் பிற்காலச் சராசரியை வைத்து நிரப்பியிருக்கிறார்கள், அதனால் அங்கே கோடு ஏற்ற இறக்கமில்லாமல் படுத்திருப்பதைப் பார்த்து "அப்போதெல்லாம் தீ சீராக இருந்தது" என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது, உமிழ்வுக் காரணி எல்லா ஆண்டுக்கும் ஒன்றே, எனவே கோட்டின் மேடு பள்ளம் முழுக்கப் பரப்பிலிருந்து வருவது.

1997 முதல் மாதவாரியாக வேண்டுமென்றால் ஜிஎஃப்இடி என்ற உலகத் தீ உமிழ்வுத் தரவுத்தளம் இருக்கிறது. அதன் ஒரு கட்டம் கால் டிகிரி, நம் அட்சத்தில் பக்கத்துக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். நீலகிரி மாவட்டமே சுமார் 2,550 சதுர கிலோமீட்டர்தான், பரப்பளவில் நாலு கட்டம்கூடத் தேறாது. புல்வெளியும் சோலையும் தேயிலையும் ஒரே சட்டிக்குள் போய் விழுந்தால் புல்வெளியைத் தனியாக எப்படிப் பார்ப்பது? நாட்டுக் கோட்டின் போக்கு தெரிய இவை போதும். நம் மலைக்கு நாம்தான் போட வேண்டும்.

படி 2: எது புல்வெளி என்று எல்லை போடுங்கள்

சோலையும் புல்லும் கலந்த நம் உச்சி நிலத்தை உலகளாவிய நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் கன்னாபின்னாவென்று வகைப்படுத்துகின்றன. ஓரிடத்தில் மரச் சவன்னா, பக்கத்தில் பயிர் நிலம், அதற்குப் பக்கத்தில் காடு. நம் அரசு ஆவணங்களிலேயே நெடுங்காலம் புல்வெளிகள் "தரிசு" என்றுதான் இருந்தன. ஆகவே கூகுள் எர்த்திலோ கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளிலோ உட்கார்ந்து கையால் எல்லை வரைவதுதான் நல்லது.

வரையும்போது மூன்றாகப் பிரியுங்கள்: தூய புல்வெளி, சீகை மரமும் (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) பைனும் உள்ளே புகுந்துகொண்டிருக்கும் புல்வெளி, முழுத் தோப்பாகவே மாறிவிட்ட இடம். உச்சியில் இருக்கும் குட்டைப் புல்லையும், கீழ்ச் சரிவில் ஆளுயரம் வளரும் போதைப்புல்லையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டின் எடையும் எரியும் விதமும் வேறு. பூம்பாறைப் பூண்டு வயல், உருளைக்கிழங்கு, கேரட் மேடைகள், தேயிலைத் தோட்டம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுங்கள். உழுது போட்ட மண்ணும், கவாத்து செய்த தேயிலையும் செயற்கைக்கோள் படத்தில் எரிந்த நிலம் மாதிரியே தெரியும்.

இதை ஒரே ஒரு வருடத்துக்கு வரைந்தால் போதாது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது புதிதாக வரையுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

படி 3: எரிந்த பரப்பு

மொத்த வேலையில் பாதி இதுதான், இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

பலரும் முதலில் போவது தீப்புள்ளிக்கு. நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்தில் மோடிஸ், விர்ஸ் கருவிகள் பிடித்த தீப்புள்ளிகள் தேதியோடு கிடைக்கின்றன. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனமும் 2004 முதல் மோடிஸ் கொண்டும், 2017 முதல் விர்ஸையும் சேர்த்தும் எச்சரிக்கை அனுப்புகிறது, பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் வரும். எந்தத் தேதியில் எந்தப் பக்கம் எரிந்தது என்று தெரிந்துகொள்ள இவை அருமையானவை. ஆனால் புள்ளி வேறு, பரப்பு வேறு. செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகிற நேரத்தில் தழல் இருந்தால்தான் புள்ளி விழும். விர்ஸ் மதியமும் நள்ளிரவு தாண்டியும் ஒன்றரை மணிவாக்கில் போகிறது. சாயங்காலம் நாலு மணிக்குப் பற்றி, தீத்தடுப்புக் காவலர்கள் பச்சைத் தழையால் அடித்து ஒன்பது மணிக்குள் அணைத்துவிட்ட தீ அதில் பதிவாகாது. மேகமும் பனிமூட்டமும் மறைத்தாலும் அப்படியே.

அடுத்தது எரிபரப்புப் பொருள்கள். எம்சிடி64ஏ1 என்ற மோடிஸ் எரிபரப்பு வரைபடம் 2000 நவம்பரிலிருந்து மாதந்தோறும் வருகிறது. அதில் ஒரு புள்ளியின் பக்கம் 500 மீட்டர், அதாவது சுமார் 25 ஹெக்டேர், 60 ஏக்கருக்கு மேல். நம் மலையில் ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே இருக்கும் புல் பல இடங்களில் அதைவிடச் சின்னது. ஐந்து ஹெக்டேர், பத்து ஹெக்டேர் தீயெல்லாம் அதன் கண்ணுக்குப் படாது.

ஆகையால் நீங்களே வரைய வேண்டியது சென்டினல்-2 அல்லது லேண்ட்சாட் படத்தில். சென்டினல்-2 முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் மேலே போயின, இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் மேல் வரும். லேண்ட்சாட் 8 2013-இலிருந்து. அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் 1984-இல் ஏவிய லேண்ட்சாட் 5, 30 மீட்டர் துல்லியம், ஆனால் மேகமில்லாத படம் இடைவெளி விட்டுத்தான் கிடைக்கும். லேண்ட்சாட் 7-இல் 2003 மே மாதத்துக்குப் பிறகு வரி வரியாகப் படம் விடுபட்டிருக்கும், அதைத் தனியாக நம்ப வேண்டாம்.

முறை இது. தீக்கு முந்தைய ஒரு படம், பிந்தைய ஒரு படம். இரண்டிலும் எரிபரப்புக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்: அண்மை அகச்சிவப்பிலிருந்து குற்றலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினல்-2-இல் அவை 8, 12 எண் பட்டைகள், லேண்ட்சாட் 8-இல் 5, 7, லேண்ட்சாட் 5-இல் 4, 7. முந்தைய குறியீட்டிலிருந்து பிந்தையதைக் கழித்தால் வரும் வித்தியாசம் 0.1-க்கு மேல் இருக்கிற இடங்கள் எரிந்திருக்க வாய்ப்புள்ளவை. இது தொடக்கக் கோடு மட்டும்தான், உங்கள் மலைக்கு 0.1-ஆ 0.15-ஆ என்பதை நேரில் தெரிந்த இரண்டு மூன்று தீத்தடங்களை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். இணையத்திலேயே செயற்கைக்கோள் படங்களைக் கணக்கிடும் கூகுள் எர்த் இன்ஜின் தெரிந்தால் ஒரு மாலைக்குள் பல வருடத்தை ஓட்டிவிடலாம். தெரியாவிட்டால் கியூஜிஐஎஸ்-இல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், மெதுவாக இருந்தாலும் கண் பழகும்.

நம் மலைக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு, இவை பொது வழிகாட்டிகளில் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி இடங்களில் உறைபனி விழுந்து புல் ஒரேயடியாகக் கருகிப் பழுப்பாகிவிடும். நவம்பர்ப் படத்தையும் பிப்ரவரிப் படத்தையும் ஒப்பிட்டால் பனியில் கருகிய சரிவெல்லாம் எரிந்ததாகக் காட்டும். எனவே முந்தைய படமும் உறைபனிக்குப் பிந்தையதாக, தீக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் எடுத்ததாக இருக்கட்டும். இன்னொன்று, ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கரிச்சரிவு இளம்பச்சையாகிவிடும், தடம் அழிந்துபோகும். பிந்தைய படத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. காலை நேர மலை நிழலும் கறுப்பாகவே தெரியும், அதை விலக்க முந்தைய படத்திலும் அந்த இடம் கறுப்பா என்று பாருங்கள்.

சரிவு இன்னொரு தொல்லை. வரைபடத்தில் நீங்கள் அளப்பது மேலிருந்து பார்த்த தட்டைப் பரப்பு. 30 டிகிரி சாய்வில் உண்மையான நிலப்பரப்பு அதைவிட 15 சதவீதம் அதிகம். புல் வெட்டும் சட்டத்தைச் (படி 4-இல் வரும்) சரிவின் மேல் படுக்க வைத்தீர்கள் என்றால் பரப்பையும் சாய்வுக்குத் திருத்துங்கள். அது முடியாதென்றால் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

அப்புறம், கட்டாயம் ஆட்களிடம் கேளுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர், மாடு ஆடு மேய்ப்பவர், தோடர் மந்துகளில் (குடியிருப்புகளில்) இருக்கும் பெரியவர்கள், கவுஞ்சி பூண்டிப் பக்க விவசாயிகள், இவர்களுக்குத் தெரிந்தது படத்தில் இருக்காது. "எத்தனை ஏக்கர் எரிந்தது?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. "எந்த ஓடை வரைக்கும் வந்துச்சு அண்ணே, எந்தப் பாறைகிட்ட நின்னுச்சு?" என்று கேளுங்கள், எல்லையை விரலால் காட்டுவார்கள். அதை அப்படியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

தீ எரிந்துகொண்டிருக்கும்போது அளக்கப் போகாதீர்கள். புல் தீ மேட்டை நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச் சரிவில் மலையேற்றம் போனவர்கள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இப்படிப்பட்ட காய்ந்த சரிவில்தான். புகை அடங்கி, வனத்துறை அனுமதி தந்த பிறகு போனால் போதும்.

படி 4: புல்லின் எடை

காப்புக்காடு, தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு தூறு புல்லைக்கூட வெட்டாதீர்கள். அனுமதி கிடைக்கும் வரை பட்டா நிலத்திலோ ஊர் மேய்ச்சல் நிலத்திலோ அதே வகைப் புல் இருக்கிற இடத்தில் செய்யலாம்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம், பிவிசி குழாயில் செய்துகொள்ளலாம். ஒரு புல்வகைக்குக் குறைந்தது பத்து இடத்தில் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த அடர்த்தியான இடமாகப் பார்த்துப் போடாமல், ஒரு கோடு பிடித்து நடந்து இத்தனை தப்படிக்கு ஒன்று என்று போடுங்கள். சட்டத்துக்குள் இருக்கிற நின்ற புல், சாய்ந்த பழைய புல், சருகு எல்லாவற்றையும் தரையோடு ஒட்ட வெட்டி அங்கேயே எடை போடுங்கள். அதிலிருந்து 200 கிராம் எடுத்துக் கல்லூரி ஆய்வக அவனில் 70 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். கொடைக்கானல் வெயிலில் காயவைத்தால் மூட்டம் வந்து ஈரம் திரும்ப ஏறும், வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு 520 கிராம் உலர் எடை வந்தால் ஹெக்டேருக்கு 5.2 டன், நூறால் வகுத்தால் போதும்.

எந்த மாதத்தில் வெட்டினீர்கள் என்பதைக் குறிப்பது அவசியம். மேய்ச்சல் நின்று, தீயும் படாமல் இரண்டு மூன்று வருடம் விட்ட சரிவில் பழைய புல் மெத்தை போலச் சேர்ந்திருக்கும். எருமை மேய்ந்த பக்கம் அப்படி இருக்காது.

வெட்ட வழியில்லை என்றால் அட்டவணை 2.4-ஐ எடுங்கள்: வெப்பமண்டலப் புல்வெளியில் வறட்சிப் பருவத் தொடக்கத்தில் எரிந்தால் ஹெக்டேருக்கு 2.1 டன், நடுவிலோ கடைசியிலோ எரிந்தால் 5.2 டன். ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியச் சவன்னா அளவுகளிலிருந்து பெரும்பாலும் வந்தவை இவை, நம் உறைபனிப் புல்லுக்கென்று செய்தவை அல்ல. இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எரிந்த பங்கும் காரணியும்

தீத்தடத்தில் போய் அதே சட்டத்தைப் போட்டு, எரியாமல் நிற்கிற அடித்தூறையும் தண்டையும் எடை போட்டால் எரிந்த பங்கு கிடைத்துவிடும். சாம்பலைச் சேர்க்க வேண்டாம். அளக்க முடியாவிட்டால் தொடக்கப் பருவத்துக்கு 0.74, கடைசிப் பருவப் புல்வெளிக்கு 0.92.

உமிழ்வுக் காரணிக்கு ஐபிசிசி 2006 தருவது 2.3, கூட்டல் கழித்தல் 0.9. ஜிஎஃப்இடி நான்காம் பதிப்பு 1.94 என்கிறது, 2019-இல் வெளியான பெரிய தொகுப்பு 2.7 என்கிறது. நாட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் 2.3 எடுங்கள். எதை எடுத்தாலும் எல்லா ஆண்டுக்கும் அதையே எடுங்கள்.

காய்ந்த புல் தழலோடு படபடவென்று எரிந்தால் கார்பன் பெரும்பாலும் முழுதாக எரிந்துவிடும், மீத்தேன் குறைவு. ஈரப் புல் புகைந்து எரிந்தால் கிலோவுக்கு மீத்தேன் கூடும். அப்படியானால் ஜனவரியில் ஈரமாக இருக்கும்போது எரிப்பது மோசமா என்றால், இல்லை. அப்போது எரியும் புல்லின் அளவே பாதிக்கும் கீழ். காரணி ஒன்றரை மடங்கு ஏறினால்கூட மொத்தம் குறைவாகத்தான் வரும். வடக்கு ஆஸ்திரேலியாவில் பழங்குடிகள் பருவத் தொடக்கத்திலேயே சிறு சிறு திட்டாக எரித்து, பின்னால் வரும் பெருந்தீயைத் தவிர்த்து, குறைத்த மீத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் கணக்குக் காட்டுவது இந்த அடிப்படையில்தான். மூணாறுப் பக்கம் இரவிகுளத்தில் வரையாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வனத்துறையே பகுதி பகுதியாக எரிப்பதும் உண்டு. இதைப் படித்துவிட்டு நீங்கள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, தமிழ்நாடு வனச் சட்டம் 1882 காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. வனத்துறையோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது, பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

நீலகிரியில் சதுப்புக் கரிமண் (மட்காத தாவரம் சேர்ந்து உண்டான மண்) தனிக் கதை. தீ அதற்குள் இறங்கிவிட்டால் நாள்கணக்கில் உள்ளேயே புகையும், வெப்பமண்டலக் கரிமண்ணுக்கு ஐபிசிசி தரும் காரணி கிலோவுக்கு 21 கிராம், புல்லைப்போல ஒன்பது மடங்கு. அப்படி எரிந்த இடத்தைப் புல்வெளிக் கணக்கில் கலக்காமல் தனி வரியாகப் போடுங்கள்.

படி 6: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மார்ச்சில் 100 ஹெக்டேர் எரிந்தது என்று வையுங்கள். 100 × 5.2 × 2.3 ÷ 1000 = 1.196, ஏறக்குறைய 1.2 டன் மீத்தேன். 28-ஆல் பெருக்கினால் 33.5 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஓர் எருமை ஆண்டுக்கு 55 கிலோ மீத்தேன் விடும் என்பது ஐபிசிசி மதிப்பு, ஆக இந்தத் தீ 22 எருமைகள் ஒரு வருடம் விடும் அளவு. எருமை மேய்ச்சலைச் சூழலுக்குக் கேடு என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

அதே 100 ஹெக்டேர் ஜனவரியில் எரிந்திருந்தால் 100 × 2.1 × 2.3 ÷ 1000, 0.48 டன்.

இப்போது அதே 100 ஹெக்டேர் மரத்தோப்பாக மாறியிருந்து, அதில் தரைச் சருகும் கிளையும் மட்டும் எரிந்தது என்று வையுங்கள். யூகலிப்டஸ் காட்டுத் தரைத் தீக்கு அட்டவணை தருவது ஹெக்டேருக்கு 16 டன், வெப்பமண்டலக் காட்டின் மீத்தேன் காரணி 6.8. பெருக்கினால் 10.9 டன். ஒன்பது மடங்கு! நின்ற மரமும் சேர்ந்து எரிந்தால் இன்னும் மேலே போகும். அதோடு அந்தக் கார்பன் டை ஆக்சைடு அடுத்த மழைக்குத் திரும்பாது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டி வரும்.

படி 7: பல ஆண்டை ஒரு கோடாக்குவது

இங்கே பெரிய ஆபத்து, வழியில் கருவியை மாற்றுவது. 2011 வரை மோடிஸ் தீப்புள்ளி, 2012-இலிருந்து விர்ஸ் என்று ஒட்டினால் தீ திடீரென்று பல மடங்கு ஏறினமாதிரி தெரியும், ஏனென்றால் 375 மீட்டர் விர்ஸ் சின்னத் தீயையும் பிடிக்கும். 30 மீட்டர் லேண்ட்சாட்டிலிருந்து 10, 20 மீட்டர் சென்டினலுக்குப் போனாலும் கொஞ்சம் அப்படித்தான். இரண்டு கருவியும் இருக்கும் மூன்று நான்கு வருடத்துக்கு இரண்டிலும் வரைந்து, வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, அதை எழுதி வையுங்கள்.

ஆண்டு என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று நாட்டுக் கணக்கு போகும். நமக்குத் தீப்பருவம் டிசம்பர் முதல் மே வரை, ஆக ஜூனில் தொடங்கி மே-யில் முடியும் ஆண்டாகவும் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு நீலகிரி தென்மேற்குப் பருவமழையை நம்பியது, பழனி மலையும் கோத்தகிரியும் வடகிழக்கை நம்பியவை, எனவே காய்கிற காலமும் ஒன்றல்ல. மழையளவைப் பக்கத்திலேயே எழுதுங்கள். 2015–16, 2023–24 எல் நினோ ஆண்டுகள், அந்தப் பருவங்களைத் தொடக்கமாகவோ முடிவாகவோ வைத்து "கூடிவிட்டது", "குறைந்துவிட்டது" என்று பேசக் கூடாது. பத்து ஆண்டுக்குக் குறைவான கோட்டுக்குப் போக்கு சொல்லவே வேண்டாம் என்பேன்.

பிழை அளவையும் போடுங்கள். காரணியில் 39 சதவீதம், பரப்பில் 20, புல் எடையில் 30 என்று வைத்தால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 53 சதவீதம் வரும். பயந்துவிடாதீர்கள். காரணியின் பிழை எல்லா ஆண்டுக்கும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும், ஆகவே ஓராண்டை இன்னோராண்டோடு ஒப்பிடும்போது அது பெரும்பாலும் கழிந்துபோய் ஒவ்வோர் ஆண்டு எண்ணிலும் 36 சதவீதம்தான் மிஞ்சும். 1.2 டன் என்ற எண்ணைச் சொல்வதைவிட, ஆண்டுக்கு ஆண்டு கூடியதா குறைந்ததா என்பதை நாம் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.

படி 8: கோட்டைப் படிப்பது

செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வின்படி, பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணாமல் போயிருக்கிறது. சீகை, பைன், யூகலிப்டஸ், விவசாயம், கட்டடம் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. சீகை விதை மண்ணில் பல வருடம் உறங்கும், தீ பட்டால் ஓடு வெடித்து முளைக்கும். தோப்பை ஒட்டிய புல்வெளி ஒரு முறை எரிந்தால் அடுத்த மழையில் அங்கே புல்லோடு சீகைக் கன்றும் எழும்பும். அடுத்த தீ, கணக்குப் புத்தகத்தில் புல்வெளித் தீயாக வராது, காட்டுத் தீ என்ற வேறு தலைப்பில் போய்விடும்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் ஊரில் 1,000 ஹெக்டேர் புல்வெளி இருந்தபோது ஆண்டுக்கு 100 எரிந்தது, மீத்தேன் 1.2 டன். பிறகு புல்வெளி 400-ஆகச் சுருங்கியது, 60 எரிந்தது, மீத்தேன் 0.72 டன். கோடு 40 சதவீதம் இறங்கிவிட்டது. ஆனால் இருக்கிற புல்லில் எரிகிற பங்கு 10-இலிருந்து 15 சதவீதமாக ஏறியிருக்கிறது, போன 600 ஹெக்டேரில் நிற்கிற தோப்பில் 20 ஹெக்டேர் எரிந்தாலே 2.2 டன் வந்துவிடும். புல்வெளி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இது முன்னேற்றம்.

ஆகவே நான்கு எண்களை எப்போதும் சேர்த்தே வெளியிடுங்கள்: புல்வெளித் தீ மீத்தேன், முன்பு புல்வெளியாக இருந்து தோப்பான இடத்துத் தீ மீத்தேன், அந்த ஆண்டு மிஞ்சியிருந்த புல்வெளிப் பரப்பு, அதில் எரிந்த சதவீதம். படி 2-இல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எல்லை வரையச் சொன்னது இந்த மூன்றாவது எண்ணுக்காக.

பதிவேட்டில் ஒவ்வொரு தீக்கும் ஒரு வரி: தேதி, இடம், புல்வகை, பரப்பு, எந்தப் படத்திலிருந்து வரைந்தது, புல் எடை அளந்ததா அட்டவணையா, மழை, யார் சொன்ன தகவல் என்று. காரணம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், மேய்ச்சலுக்கு வைத்ததா, சுற்றுலா வந்தவர்கள் போட்டதா, தோட்ட ஓரக் குப்பைத் தீ தாண்டியதா என்று. ஆள் பெயர் வேண்டாம். மே மாதம் கோடை மழை பிடித்ததும் அந்தப் பருவத்துப் பக்கத்தை முடித்து, ஒரு பிரதியை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த தீத்தடுப்புக் கோடு எந்தச் சரிவில் வெட்டுவது என்று அவர்கள் திட்டம் போடும்போது அது அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.